‘என் சுபாவமே அப்படித்தான் சார்!’

அப்ரைசல் அறையில் வேலையைப் பற்றிப் பேசி முடிக்கப் பத்து நிமிடம் போதும். அதற்குப் பிறகுதான் விஷயமே ஆரம்பிக்கும். “ஒர்க் எல்லாம் ஓகேப்பா. ஆனா மீட்டிங்ல வாயே திறக்க மாட்டேங்கிற.” “டீம்ல உன்னப் பார்த்தாலே பயப்படுறாங்க.” “எல்லாத்தையும் கடைசி நிமிஷத்துல முடிக்கிற, கொஞ்சம் பிளானிங் வேணும்.” கேட்பதற்கு வேலையில் உள்ள குறை மாதிரி இருக்கும். உண்மையில் உங்கள் சுபாவத்தை மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள், அதுவும் அடுத்த மார்ச்சுக்குள்.

இதற்கு நம்மவர்களிடம் இரண்டு பதில்கள் தயாராக உண்டு. ஒன்று, “நான் சின்ன வயசுலேர்ந்தே இப்படித்தான் சார்.” தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னதையும் சாட்சிக்கு இழுத்துக்கொள்ளலாம். இன்னொன்று, “நாளையிலேர்ந்து பாருங்க சார், வேற ஆளா வர்றேன்.” முதல் பதிலைச் சொன்னவர் எதுவும் செய்வதில்லை. இரண்டாவதைச் சொன்னவர் ஒரு டைரி வாங்குவார், யூடியூபில் மூன்று வீடியோ பார்ப்பார், இரண்டாவது வாரம் பழையபடி ஆகிவிடுவார். எது மோசம் என்று கேட்டால் இரண்டாவதைத்தான் சொல்வேன். அதற்கு ஆய்வே இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

முதலில், சுபாவம் மாறுமா மாறாதா?

அமெரிக்க உளவியலின் முன்னோடி வில்லியம் ஜேம்ஸ், முப்பது வயதோடு பெரும்பாலானவர்களின் குணம் இறுகிப்போய்விடும் என்ற கருத்தை 1890இல் வெளிவந்த தன் பெரிய நூலில் வைத்தார். நூறு வருடத்துக்கு மேல் அந்தக் கருத்து செல்லுபடியானது. 2006இல் பிரென்ட் ராபர்ட்ஸ் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும், ஒரே ஆட்களைப் பல காலம் பின்தொடர்ந்து அளந்த 92 குழுக்களின் தரவை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில்தான் மனிதர்கள் அதிகம் மாறுகிறார்கள் என்று தெரிந்தது. அந்த வயதில் பொறுப்பு கூடுகிறது, மனப்பதற்றம் குறைகிறது. நாற்பதோடு கதவு சாத்தப்படுவதும் இல்லை. அதாவது நீங்கள் வேலைக்குச் சேர்ந்து, கடன் வாங்கி, குழந்தையைப் பள்ளியில் சேர்த்து ஓடிக்கொண்டிருக்கும் அதே வருடங்களில், யாரும் கேட்காமலே உங்கள் சுபாவம் மாறிக்கொண்டுதான் இருக்கிறது. கல்லூரியில் பத்து மணிக்கு எழுந்தவர் இன்று ஆறரை மணி கேப் வண்டிக்கு வாசலில் நிற்கிறாரே, அது எப்படி வந்தது?

மரபணுவுக்குப் பங்கே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. ஆளுக்கு ஆள் உள்ள குண வேறுபாட்டில் ஏறக்குறைய பாதி பிறப்போடு வருவது என்கின்றன இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள். மீதியில்தான் நமக்கு வேலை. இதே ராபர்ட்ஸ் குழு 2017இல் 207 ஆய்வுகளைத் தொகுத்தது. அவற்றில் பெரும்பாலானவை சிகிச்சைகளைப் பற்றியவை. சராசரியாக 24 வார சிகிச்சையிலேயே குணத்தில் அளக்கக்கூடிய மாற்றம் தெரிந்தது. அதிகம் அசைந்தது மனப்பதற்றம், அடுத்தது கலகலப்பு. மாற்றம் பிரமாண்டமானது அல்ல. கூச்சக்காரர் மேடைப் பேச்சாளர் ஆகிவிட மாட்டார். கூட்டத்தில் ஒருமுறைகூடப் பேசாதவர் வாரத்துக்கு இரண்டு முறை பேசுபவர் ஆவார். அப்ரைசலுக்கு அது தாராளம்.

ஆசைப்பட்டால் போதாது, ஏற்றுக்கொண்டாலும் போதாது

இனி அந்த ஆய்வு. நேதன் ஹட்சன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் சகாக்களும் 2019இல் வெளியிட்டது. 377 மாணவர்கள், 15 வாரங்கள். மாற்றிக்கொள்ள விரும்பும் குணத்தை மாணவர்களே தேர்ந்தெடுக்கலாம். வாரா வாரம் அதற்கேற்ற சின்னச் சின்னச் செயல்கள் அவர்கள் முன் வைக்கப்படும். கலகலப்பு வேண்டும் என்பவருக்கு, புதிதாக ஒருவரிடம் போய் அறிமுகம் செய்துகொள்வது போன்ற செயல்கள். விருப்பமானதை ஏற்றுக்கொண்டு அந்த வாரத்துக்குள் செய்துவிட்டு வர வேண்டும்.

செய்தவர்கள் மாறினார்கள், எவ்வளவு அதிகம் செய்தார்களோ அவ்வளவு. செய்யாமல் வெறுமனே ஆசைப்பட்டவர்கள் நகரவில்லை. இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆச்சரியம் மூன்றாவது வகையினரிடம் இருந்தது. ‘செய்கிறேன்’ என்று ஏற்றுக்கொண்டுவிட்டுச் செய்யாமல் விட்டவர்கள் சில குணங்களில் எதிர்த் திசையில் போயிருந்தார்கள். கலகலப்பாக ஆகப்போகிறேன் என்று கிளம்பியவர் முன்னைவிட ஒடுங்கிப்போவது! யோசித்துப் பார்த்தால் காரணம் புரியும். கைவிட்ட ஒவ்வொரு தீர்மானமும் ‘நம்மால ஆகாது’ என்பதற்கு இன்னொரு சாட்சி ஆகிவிடுகிறது. டைரி வாங்கியவரை மோசம் என்று மேலே சொன்னது இதற்காகத்தான்.

ஆகவே முதல் வேலை, ஏற்கும் செயலைச் சின்னதாக்குவது. உங்கள் தன்மானம் ‘இவ்வளவுதானா?’ என்று கேட்கும் அளவுக்குச் சின்னதாக.

அப்ரைசலில் வரும் வார்த்தைகள் எல்லாம் பெரியவை: ப்ரோஆக்டிவ், ஓனர்ஷிப், விசிபிலிட்டி. இவற்றை வைத்துக்கொண்டு திங்கட்கிழமை காலை என்ன செய்ய முடியும்? ஒன்றும் முடியாது. அதனால் அந்த அறையிலேயே ஒரு கேள்வி கேளுங்கள். “சார், போன மூணு மாசத்துல எந்த மீட்டிங்ல நான் பேசியிருக்கணும்னு நினைக்கிறீங்க? என்ன சொல்லியிருக்கணும்?” நல்ல மேனேஜர் ஒன்றிரண்டு இடங்களைச் சொல்வார். சொல்லத் தெரியாமல் விழித்தால், அந்தக் குறையை அவர் எங்கிருந்தோ எடுத்து ஒட்டியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளலாம். எப்படியானாலும் உங்களுக்குத் தகவல் கிடைத்துவிடும்.

காலை ஒன்பதரை மணி ஸ்டாண்ட்-அப் மீட்டிங்கை எடுத்துக்கொள்வோம். பதினோரு பேர். உங்கள் முறை வரும்போது “நேத்து லாகின் இஷ்யூ முடிச்சேன், இன்னிக்கு டெஸ்டிங், நோ பிளாக்கர்ஸ்” என்று ஒப்பித்துவிட்டு மியூட்டுக்குப் போய்விடுகிறீர்கள். பிறகு யாரோ ஒருவர் தப்பான ஒரு வழியைச் சொல்கிறார். அது தப்பென்று உங்களுக்குத் தெரியும், போன ரிலீஸில் அதே இடத்தில் நீங்களே அடிபட்டிருக்கிறீர்கள். விரல் அன்மியூட் பொத்தானுக்குப் போகிறது. வாக்கியத்தை மனதுக்குள் ஒருமுறை சரிபார்க்கிறீர்கள், ஆங்கிலத்தில் இன்னொரு முறை. அதற்குள் பேச்சு அடுத்த டிக்கெட்டுக்குத் தாவிவிட்டது. “அப்புறம் பிங் பண்ணிச் சொல்லிக்கலாம்” என்று விட்டுவிடுகிறீர்கள். ஒரு வருடம் இப்படியே போனால் அதற்கு ‘அமைதியான ஆள்’ என்று பெயர்.

இங்கே மாற்ற வேண்டியது, அன்மியூட் பொத்தான்மேல் விரல் தயங்கும் அந்த மூன்று வினாடியை. பீட்டர் கோல்விட்சர் என்ற ஜெர்மானிய உளவியலாளர் பல வருடங்களாக ஒன்றைச் சொல்லிவருகிறார்: ‘இன்னதைச் செய்வேன்’ என்று முடிவெடுப்பதைவிட, ‘இன்ன நேரம், இன்ன இடம் வந்ததும் இன்னதைச் செய்வேன்’ என்று முன்கூட்டியே கட்டிவைப்பது நன்றாக வேலை செய்யும். 2006இல் அவரும் பாஸ்கல் ஷீரனும் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் அது உறுதிப்பட்டது. நம் ஸ்டாண்ட்-அப் ஆசாமிக்கு அது இப்படி வரும்: ‘யாராவது என் மாட்யூலைப் பற்றி ஏதாவது சொன்னதும், அன்மியூட் செய்து “ஒரு நிமிஷம், அதுல ஒரு டவுட்” என்பேன்.’ அவ்வளவுதான். மீதி வாக்கியம் வாயைத் திறந்த பிறகு வரட்டும். இடம் பிடித்துவிட்டால் பத்துப் பேரும் காத்திருப்பார்கள்.

கூடவே ஒரு சின்ன ஏற்பாடு. டீம் லீடிடம் சொல்லி, அப்டேட் கொடுக்கும் வரிசையில் இரண்டாவதோ மூன்றாவதோ இடம் கேட்டு வாங்குங்கள். கடைசிவரை காத்திருப்பதில்தான் பாதிப் பதற்றம் ஏறுகிறது.

ஒழுங்கில்லாதவர்களுக்கும் இதே கணக்குதான், அதை வளர்த்துவானேன். கணக்குப் பிரிவில் இருப்பவர் மாதாமாதம் 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1க்கும் 20ஆம் தேதி 3பிக்கும் ராத்திரி உட்கார்ந்து அடித்துக்கொள்கிறார் என்றால், ‘இனிமேல் பிளான் பண்ணுவேன்’ என்பது தீர்மானமே இல்லை. ‘5ஆம் தேதி, பதினோரு மணி டீ குடித்துவிட்டு வந்ததும், பர்ச்சேஸ் பில் ஃபைலைத் திறந்து வராத பில்லுக்கெல்லாம் போன் போடுவேன்’ என்பதுதான் தீர்மானம்.

முன்கோபிக்கு மட்டும் கூடுதல் வேலை

கோபத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. ‘கோபப்பட மாட்டேன்’ என்பது ஒன்றைச் செய்யாமல் இருப்பது. செய்யாமல் இருப்பதைப் பழக முடியாது. அந்த இடத்தில் வேறொன்றை உட்காரவைக்க வேண்டும். ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உதிரிபாக ஆலைகளில் ஷிப்ட் மாறும் நேரத்தைப் பாருங்கள். ரிஜெக்‌ஷன் ஷீட் சூப்பர்வைசர் கைக்கு வருகிறது. எண்ணிக்கையைப் பார்த்ததும் முதலில் வருவது “யார்ரா மெஷின்ல நின்னது?” அந்தக் கேள்விக்குப் பிறகு உண்மை வெளியே வராது. ஆபரேட்டர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத்தான் பார்ப்பார். அதே சூப்பர்வைசர் தனக்கு இப்படி ஒன்றைக் கட்டிவைத்துக்கொள்ளலாம்: ‘ஷீட் கைக்கு வந்ததும் முதலில் மெஷின் பக்கம் நடப்பேன். ஆளிடம் கேட்கும் முதல் கேள்வி “என்னப்பா ஆச்சு?”’ அந்த இருபதடி நடையிலேயே பாதி இறங்கிவிடும். அலுவலகத்தில் இருப்பவருக்கு இதே வேலையை மெயிலின் டிராப்ட் பெட்டி செய்யும். சூடான பதிலை எழுதுங்கள், ஆனால் ‘டூ’ கட்டத்தைக் காலியாக விட்டு எழுதுங்கள். சாப்பிட்டுவிட்டு வந்து பெயரைப் போடலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு, இதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. சூரிச் பல்கலைக்கழகத்தில் மிர்யம் ஸ்டீகரும் சகாக்களும் கைபேசிச் செயலி ஒன்றை வைத்து 1,523 பேரிடம் மூன்று மாதம் சோதனை நடத்தினார்கள். முடிவு 2021இல் வெளியானது. பங்கேற்றவர்கள் அதிகம் கேட்டவை மூன்று: பதற்றம் குறைய வேண்டும், ஒழுங்கு கூட வேண்டும், கலகலப்பு கூட வேண்டும். விரும்பிய திசையிலேயே மாறினார்கள், மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோதும் மாற்றம் நிலைத்திருந்தது. நண்பர்களிடமும் வீட்டாரிடமும் தனியாகக் கேட்டபோதுதான் வேறுபாடு தெரிந்தது. ஒரு குணத்தைக் கூட்டிக்கொள்ள முயன்றவர்களின் மாற்றம் அடுத்தவர் கண்ணிலும் பட்டது. குறைத்துக்கொள்ள முயன்றவர்களின் மாற்றம் அப்படித் தெளிவாகப் படவில்லை.

அலுவலகத்துக்கு இது எவ்வளவு பொருந்துகிறது பாருங்கள்! பேசாதவர் பேசினால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். கத்துபவர் கத்தாமல் இருந்த மூன்று மாதத்தை யார் கவனிப்பார்கள்? நான்காவது மாதம் ஒருநாள் குரல் உயர்ந்தால் “பாத்தியா, மாறவே இல்ல” என்பார்கள். ஆகவே முன்கோபிகள் தங்கள் முயற்சியை ஒருவரிடமாவது வாய்விட்டுச் சொல்லிவைப்பது நல்லது. டீமுக்கு முன்னால் அறிவிப்பு வேண்டாம், அது நாடகம் ஆகிவிடும். நம்பிக்கையான ஒரு சீனியரிடம் போய், “அண்ணே, நான் குரலை ஏத்துனா டேபிளைத் தட்டுங்க” என்றால் போதும். அவரே பிறகு உங்களுக்குச் சாட்சியும் ஆவார்.

எத்தனை நாளாகும்? 21 நாள் என்று எல்லாப் பயிலரங்கிலும் சொல்வார்கள். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற ஒட்டறுவைச் சிகிச்சை மருத்துவர் 1960இல் எழுதிய புத்தகத்திலிருந்து கிளம்பிய எண் அது. மாற்றியமைத்த முகத்துக்கு நோயாளி பழகக் குறைந்தது மூன்று வாரம் ஆகிறது என்ற தன் அனுபவத்தை அவர் எழுதினார், நாளடைவில் ‘குறைந்தது’ உதிர்ந்துவிட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழு 96 பேரை 12 வாரம் பின்தொடர்ந்து, 2010இல் வெளியிட்ட கணக்கு வேறு. ஒரு செயல் தானாக வரும் நிலையை எட்ட நடுமதிப்பு 66 நாள். ஆளுக்கும் செயலுக்கும் ஏற்ப 18 நாளிலிருந்து 254 நாள்வரை மதிப்பீடு விரிந்தது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படியும், உடற்பயிற்சி நேரம் எடுக்கும். இந்த ஆய்வில் எனக்குப் பிடித்தது வேறொரு தகவல்: நடுவில் ஒருநாள் விட்டுப்போனால் பெரிய நஷ்டம் இல்லை. ‘ஒருநாள் போச்சு, எல்லாம் போச்சு’ என்று கைவிடும் ஆட்களுக்கு இதைக் கத்திச் சொல்ல வேண்டும்.

வேலையிடத்தில் கூச்சம் எப்படி விலகும் என்பதற்கு ஓர் உதாரணம் காந்தியின் சுயசரிதையான ‘சத்திய சோதனை’யிலேயே இருக்கிறது. இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் வாங்கி வந்த காந்தி, பம்பாய் சிறு வழக்கு நீதிமன்றத்தில் முதல் வழக்குக்கு எழுந்தார். கட்டணம் 30 ரூபாய். எதிர்த்தரப்புச் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய வேண்டும். தலை சுற்றியது, கேட்க ஒரு கேள்வியும் வரவில்லை. உட்கார்ந்துவிட்டார். பணத்தைத் திருப்பிக் கொடுத்து, வேறு வக்கீலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியேறினார். கொஞ்ச காலத்திலேயே, 1893இல், பிரிட்டோரியாவில் அதே மனிதர் அங்கிருந்த இந்திய வணிகர்களைக் கூட்டி உரையாற்றுகிறார். தன் முதல் பொதுப்பேச்சு என்று அவரே அதைத்தான் சொல்கிறார்.

நடுவில் ‘தன்னம்பிக்கைப் பயிற்சி’ எதுவும் நடக்கவில்லை. பேச எடுத்துக்கொண்டது வியாபாரத்தில் உண்மை பேசுவதைப் பற்றி, அவர் மனதில் ஊறிக்கிடந்த விஷயம். தயாரித்துக்கொண்டு போனார். கேட்க வந்தவர்களுக்கு அவரால் ஒரு பயன் இருந்தது. ஆங்கிலம் கற்க விரும்புகிறவர்களுக்குச் சொல்லித்தருகிறேன் என்றார். மூன்று பேர் முன்வந்தார்கள், அவர்களில் ஒருவர் முடிதிருத்துபவர், ஒருவர் குமாஸ்தா, ஒருவர் சிறுகடைக்காரர். கூட்டம் அதன்பின் வழக்கமாக நடந்தது. கூச்சம் தென்னாப்பிரிக்காவில்தான் விலகியது, ஆனால் முழுதாக ஒருபோதும் போகவில்லை என்பதும் அவர் வாக்குமூலம்தான். அலுவலகத்தில் பேசக் கூசுபவர்கள் ஆளில்லாத கண்ணாடி முன் பேசிப் பழகுவதைவிட, புதிதாகச் சேர்ந்த இரண்டு பிரெஷர்களுக்குத் தனக்கு நன்றாகத் தெரிந்த ஒரு டூலைச் சொல்லிக்கொடுக்க முன்வருவது மேல் என்பேன்.

மாற்றிக்கொள்ளவே கூடாத இடங்கள்

சுபாவத்துக்கு எதிராக நடிப்பதற்கு ஒரு விலை உண்டு. 2019இல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு சோதனையில், ஒருவாரம் முழுக்கக் கலகலப்பாக நடந்துகொள்ளச் சொன்னார்கள். சராசரியாகப் பார்த்தால் மனநிலை உயர்ந்தது. ஆனால் உள்ளொடுங்கிய சுபாவக்காரர்களுக்கு அந்தப் பயன் குறைவு, களைப்பு அதிகம். கனடா நாட்டு உளவியலாளர் பிரையன் லிட்டில் மேடையில் பின்னியெடுக்கும் பேராசிரியர், சுபாவத்தில் உள்ளொடுங்கியவர். உரை முடிந்ததும் கழிவறைக்குள் போய்ப் பதுங்கிக்கொள்வேன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லியிருக்கிறார். விருப்பமான காரியத்துக்காகச் சுபாவத்தை மீறலாம், மீறியபின் இளைப்பாற ஓரிடம் வேண்டும் என்பது அவர் கொள்கை. கிளையண்ட் விசிட் முடிந்த மதியம் கேன்டீன் அரட்டைக்குப் போகாமல் தனியாக ஒரு காபி குடித்தால் அது திமிர் ஆகாது. அந்த நேரத்தையும் காலண்டரில் போட்டுவையுங்கள்.

இதைவிட முக்கியமானது, சுபாவத்தில் இல்லாத குறையைச் சுபாவத்தின் தலையில் கட்டுவது. மூன்று பேர் வேலையை ஒருவர் பார்க்கும் டீமில் ‘டைம் மேனேஜ்மென்ட் போதாது’ என்று எழுதுவார்கள். தப்பைச் சுட்டிக்காட்டியவரை எல்லோர் முன்னாலும் வெட்டிப் பேசும் மேனேஜர், ‘டீமில் யாரும் ஓப்பனாகப் பேசுவதில்லை’ என்று வருத்தப்படுவார். மாதத்தில் பாதி நாள் இரவு ஷிப்ட் பார்ப்பவருக்கு எரிச்சல் வராவிட்டால்தான் ஆச்சரியம். சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு: போன கம்பெனியிலும், வீட்டிலும், நண்பர்களிடமும் இதே குறை இருந்ததா? எல்லா இடத்திலும் இருந்திருந்தால் சுபாவம். இந்த நாற்காலியில் உட்கார்ந்த பிறகு மட்டும் என்றால் நாற்காலி.

நான்கு எழுத்து ஒட்டிக்கொடுக்கும் எம்பிடிஐ போன்ற ஆளுமைத் தேர்வுகளையும் இந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஹெச்ஆர் பயிற்சியில் பொழுது போகும், பரவாயில்லை. ஆனால் சில வாரம் கழித்து அதே ஆள் மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு வேறு வகை வருகிறது என்பது பழைய விமர்சனம். “நான் ஐஎன்டிபி, எனக்கு டீம் ஒர்க் வராது” என்று அதைக் கேடயமாகப் பிடிப்பவர்களிடம் அந்தத் தேர்வை நாளைக்கே இன்னொரு முறை எழுதச் சொல்லலாம்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். அடுத்த அப்ரைசலுக்கு முன் செல்ஃப்-ரிவ்யூ எழுதும்போது ‘என் கம்யூனிகேஷன் ஸ்கில்லை மேம்படுத்திக்கொண்டேன்’ என்று எழுதாதீர்கள், யாரும் நம்பமாட்டார்கள். தேதி போடுங்கள்: எந்த வாரத்து மீட்டிங்கில், எந்த டிக்கெட்டில், என்ன கேள்வி கேட்டீர்கள், அதனால் எது திருத்தப்பட்டது. முன்கோபி என்றால் எந்த எஸ்கலேஷனை எப்படி முடித்தீர்கள், அன்று பக்கத்தில் யார் இருந்தார். மாதம் இரண்டு வரி எழுதி வந்தால் போதும். மார்ச்சில் ஞாபகத்திலிருந்து தோண்டினால் எதுவும் கிடைக்காது. அந்த வரிகளைப் படித்த பிறகும் மேனேஜர் போன வருட வார்த்தைகளையே திருப்பி எழுதினால், ரெஸ்யூமேயைத் தூசி தட்டலாம்.